கூரையில்லாதவர்கள்மேல் இறங்கின அக்கினி
பண்டித ரமாபாய் அம்மையார் (1858–1922)



கேட்காவ்ன் என்கிற ஊர் பெயரை நம்ம கன்வென்ஷன் மேடைகளில் கேட்காத பெந்தெகொஸ்தே விசுவாசி இருக்க முடியாது. புனேயிலிருந்து சோலாப்பூர் போகிற ரயில் பாதையில் உள்ள சின்ன ஊர். அங்கே முக்தி மிஷன் விடுதியில் 1905 ஜூன் 29 விடியற்காலை ஒரு பெண்பிள்ளைமேல் ஆவியானவர் இறங்கினார். பக்கத்தில் படுத்திருந்தவள் அவள்மேல் அக்கினி எரிகிறதைப் பார்த்து, நிஜமாகவே தீப்பிடித்து விட்டதென்று நினைத்து வாளித் தண்ணீர் எடுக்க ஓடினாள். எத்தனையோ பிரசங்கிமார் இதைச் சொல்லி நாம் அல்லேலூயா சொல்லியிருக்கிறோம்.

அந்த விடுதியில் படுத்திருந்தவர்கள் யார் என்று மட்டும் யாரும் சொல்கிறதில்லை. அவர்களில் பெரும்பாலோர் பஞ்சத்தில் தெருவில் கிடந்தவர்கள். மரத்தடியிலும் ரோட்டோரத்திலும் கஞ்சித்தொட்டி வாசலிலும் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். அவர்களைக் கொண்டுவந்து சேர்த்த அம்மையாரும் ஒரு காலத்தில் அப்படிக் கிடந்தவர்தான். அந்தப் பக்கத்தை இந்த மாதம் எழுதும்படி ஆண்டவர் என்னை ஏவினார். ஏன் இப்போது என்பது படித்துக்கொண்டே வரும்போது உங்களுக்கே தெரியும்.

கூடையில் வந்த குழந்தை

ரமாபாயின் தகப்பனார் அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய சமஸ்கிருத பண்டிதர், சித்பாவன் பிராமணர். பெண்களுக்குப் படிப்பு கூடாது என்றிருந்த காலத்தில் மனைவி லக்ஷ்மிபாய்க்கு சமஸ்கிருதம் கற்றுக்கொடுத்தார். ஊரார் எதிர்த்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலம் என்கிற காட்டுக்குள் போய் வீடு கட்டிக்கொண்டார். 1858 ஏப்ரல் 23ல் அங்கேதான் ரமாபாய் பிறந்தார்.

அந்தக் காட்டு வீட்டுக்கதவு யாத்திரிகர்களுக்கும் மாணவர்களுக்கும் எப்போதும் திறந்தே இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டுப் போட்டு கையிருப்பு கரைந்தது, கடன் ஏறியது. கடைசியில் வீட்டை விட்டே கிளம்பினார்கள். ஆறு மாதக் குழந்தையான ரமாபாயைப் பிரம்புக் கூடையில் வைத்து ஓர் ஆள் சுமந்துகொண்டு மலையிறங்கினான். அன்று கிளம்பின குடும்பத்துக்கு அதற்கப்புறம் சொந்தக் கூரை இல்லை. கோவிலுக்குக் கோவில் நடந்து, மண்டபங்களில் புராணம் வாசித்து, கேட்பவர்கள் கொடுப்பதில் வாழ்ந்தார்கள்.

அந்தத் தகப்பனாரின் கொடுத்தலை நான் கேலி செய்ய மாட்டேன். நம்மில் எத்தனை பேர் அப்படிக் கொடுக்கிறோம்? ஆனால் அவர் கொடுத்ததில் பெரும்பங்கு புண்ணியம் சேர்க்கும்படி கொடுத்தது. தானம் வாங்கத் தகுதியுள்ளவர்கள் என்று சாஸ்திரம் சொன்னவர்களுக்குக் கொடுத்தது. இதை ரமாபாயே பின்னாளில் துக்கத்தோடு எழுதியிருக்கிறார். நம்மிடத்திலும் இது இல்லையா? நூறு ரூபாய் விதைத்தால் நூறு மடங்கு அறுக்கலாம் என்று சொல்லிக் கூட்டங்களில் காணிக்கை வாங்குகிறோம், நாமும் லாபக் கணக்கு போட்டுத்தான் கவரில் வைக்கிறோம். வாங்குகிறவன் முகத்தைப் பார்த்தா கொடுக்கிறோம்? நமக்குத் திரும்பி வரப்போகிறதைப் பார்த்துக் கொடுக்கிறோம்.

கோவில் வாசலிலிருந்து அனுப்பப்பட்டவர்கள்

1870களில் சென்னை ராஜதானியில் பஞ்சம் வந்தது. டோங்ரே குடும்பம் அகப்பட்டுக்கொண்டது. பாத்திரமும் நகையும் விற்றுத் தின்று தீர்ந்தது. கூலி வேலை செய்ய சாதி கௌரவம் விடவில்லை, கையேந்திப் பிச்சை கேட்க வாய் வரவில்லை. திருப்பதிக்குப் பக்கத்தில் காட்டுக்குள் போய் சாவுக்குக் காத்திருந்தார்கள். பதினொரு நாள் இராப்பகலாகத் தண்ணீரும் இலையும் காட்டுப்பழமும்தான் ஆகாரம். புண்ணிய தீர்த்தத்தில் இறங்கி உயிரை விட்டுவிடலாம் என்று தகப்பனார் முடிவு செய்தார். அப்போது மகன் சீனிவாச சாஸ்திரி, கௌரவம் போனால் போகட்டும், நான் கூலிக்குப் போகிறேன் என்று தடுத்தார்.

காட்டை விட்டு ஒரு கிராமத்துக்கு வந்து கோவிலில் ஒதுங்கினார்கள். அங்கே இருந்தவர்கள் தங்க விடவில்லை. ஊருக்கு வெளியே இடிந்துபோன ஒரு பழைய கோவில், இராத்திரியில் காட்டு மிருகங்கள் வந்து படுக்கிற இடம். அதில் நாலு நாள் கிடந்தார்கள். ஒரு பிராமண வாலிபன் பார்த்து இரக்கப்பட்டு ஆகாரம் கொடுத்தான். அதே நாளில் தகப்பனாருக்குக் காய்ச்சல் கண்டது, அதிலேயே இறந்தார். இது நடந்தது 1874ல்.

சில வாரத்தில் தாயாரும் படுத்துவிட்டார். பசி பொறுக்காத தாய்க்காக ரமாபாய் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார். ஒரு துண்டு ரொட்டி கேட்க வேண்டும், ஆனால் நாக்கு எழும்பவில்லை. கண்ணில் தண்ணீர் நிறைந்து நின்றதைப் பார்த்த அந்த வீட்டம்மாள் தானாகவே புரிந்துகொண்டு கம்பு ரொட்டித் துண்டு கொடுத்தார். வாங்கிக்கொண்டு ஓடினார். தாயாருக்கு அதைத் தின்னப் பலமில்லை. சுடுகாடு மூன்று மைல் தூரம், பாடை தூக்க ஆள் வரவில்லை. கடைசியில் இரண்டு பேர் மனமிரங்கி வந்தார்கள். அண்ணனும் ரமாபாயும் சேர்ந்து நாலு பேர். ரமாபாய் குள்ளமானவர், தோளுக்கு எட்டாததால் தன் பங்குச் சுமையைத் தலையில் வைத்துச் சுமந்தார். பிறகு அக்காளும் இறந்தார்.

மிச்சமிருந்த அண்ணனும் தங்கையும் தெற்கிலிருந்து காஷ்மீர் வரை ஆயிரக்கணக்கான மைல் காலால் நடந்தார்கள். ஜீலம் ஆற்றங்கரையில் குளிர் தாங்காமல், மணலில் குழி தோண்டி அதில் படுத்துத் தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, மேலே மணலை மூடிக்கொண்டு தூங்கினார்கள். அவர்களுக்குப் போர்வை அந்த மணல்தான்.

வாசகர்களே, கோவிலை விட்டு அனுப்பின கதையைப் படித்துவிட்டு நாம் தலையை ஆட்டிக்கொள்ளக் கூடாது. நம்ம சபை வராந்தா விஷயத்துக்கு வருகிறேன்.

வராந்தா

மங்கலத்தில் இருக்கிற நமக்குத் தெரியும். ஆறு மணிக்கு மேல் பனியன் கம்பெனி வேன்கள் ஓய்ந்தபின், கடை மூடின பிறகு, பஸ் ஸ்டாப் ஓரத்தில் கட்டிங் வேஸ்ட் மூட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நம்ம சபை வராந்தாவிலும் ஐந்தாறு மாதமாக நாலு பேர் படுக்கிறார்கள். ஒருவர் விசைத்தறி ஓட்டினவர், காது மந்தம். இன்னொருவர் வடக்கே எந்த ஊரோ, அவர் பேச்சு நமக்குப் புரிவதில்லை. ஒரு தாயும் மகளும்.

இரவு பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டு போட்டுப் பூட்டிவிட வேண்டும் என்று சபையில் ஒரு பேச்சு வந்திருக்கிறது. சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. விடியற்கால ஜெபத்துக்கு வருகிற சகோதரிகள் பயப்படுகிறார்கள், சுவரோரம் மூத்திர வாடை அடிக்கிறது, ஒருநாள் குடித்துவிட்டு சத்தம் போட்டார்கள் என்கிறார்கள். மூன்றும் உண்மை. நாலாவதாக ஒன்று சொல்கிறார்கள்: திருப்பூரில் எந்த கேட்டிலும் ஆட்கள் தேவை போர்டு தொங்குகிறது, உழைக்க மனமிருந்தால் உழைக்கலாமே என்று.

இந்த நாலாவதற்கு மட்டும் நான் இடங்கொடுக்க மாட்டேன். போர்டு தொங்குகிறது வாஸ்தவம். உள்ளே போனால் ஆதார் கேட்பார்கள், பேங்க் கணக்கு கேட்பார்கள். லைன் வீடு பிடிக்க அட்வான்ஸ் வேண்டும். காண்டிராக்டர் ரூமில் தங்கினவன் காய்ச்சலில் பத்து நாள் படுத்தால் அந்தப் பாய் அடுத்தவனுக்குப் போய்விடும். 2011 ஜனவரியில் கோர்ட்டு உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடினபோதும், 2020 மார்ச்சில் லாக்டவுன் போட்டபோதும் எத்தனை பேர் ஒரே வாரத்தில் ரோட்டுக்கு வந்தார்கள் என்று நாம் கண்ணால் பார்த்தோம். அவர்களெல்லாம் சோம்பேறிகளா? சனிக்கிழமை சம்பளம் ரெண்டு வாரம் வராமல் போனால் நம்மில் எத்தனை பேர் தாங்குவோம்?

புல்ஹாமில் கேட்ட கேள்வி

ரமாபாயின் நடு வாழ்க்கையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1878ல் அண்ணனும் தங்கையும் கல்கத்தா சேர்ந்தார்கள். அவருடைய சமஸ்கிருதத்தைக் கேட்டு பண்டிதர்கள் அதிசயித்து பண்டிதா, சரஸ்வதி என்று பட்டம் கொடுத்தார்கள். 1880ல் அண்ணன் இறந்தார். அந்த ஆண்டே வங்காள வக்கீல் ஒருவரை, வேறு சாதிக்காரரை, மணந்தார். 1882ல் காலரா அவரையும் கொண்டுபோயிற்று. 23 வயசில் கையில் மனோரமா என்கிற பெண்குழந்தையோடு விதவை. 1883ல் இங்கிலாந்து போனார்.

அங்கே ஆங்கிலிக்கன் சகோதரிகளின் மடத்தில் தங்கியிருந்தபோது, லண்டன் புல்ஹாமில் அவர்கள் நடத்தின ஒரு வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். தெருவில் கெட்டுப்போன பெண்களைச் சேர்த்துவைத்துப் பராமரிக்கிற வீடு. ரமாபாய்க்கு ஒரே ஆச்சரியம். இவர்களுக்குப் போய் ஏன் இவ்வளவு செய்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு சகோதரி பதில் சொல்லுகிறதற்கு யோவான் 4ஐத் திறந்து, சமாரியா ஸ்திரீயோடு கிணற்றடியில் உட்கார்ந்து பேசின இயேசுவைக் காட்டினார். தகுதியைப் பார்க்காமல் நேசிக்கிற ஒருவர் உண்டு என்று அன்றைக்குத்தான் விளங்கிற்று. தகப்பனார் வீட்டில் கற்றுக்கொண்ட தானம் அங்கே உடைந்தது என்பேன். அந்த செப்டம்பர் 29ல் ஞானஸ்நானம் பெற்றார். ஆனாலும் இயேசுவைத் தன் சொந்த இரட்சகராக முழுமையாகக் கண்டது சுமார் எட்டு வருஷம் கழித்துத்தான் என்று அவரே சாட்சி சொல்கிறார். ஞானஸ்நானத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1886ல் அமெரிக்கா போனார். அங்கே விசுவாசிகளும் நண்பர்களும் ஒரு சங்கம் வைத்து பத்து வருஷம் பணம் அனுப்ப வாக்குக் கொடுத்தார்கள். 1889 மார்ச் 11ல் பம்பாயில் விதவைகளுக்காக சாரதா சதன் திறந்து, அடுத்த ஆண்டு பூனாவுக்கு மாற்றினார். 1893ல் மதமாற்றம் என்று எதிர்ப்பு கிளம்பி, பெற்றோர் பல பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் கலங்கவில்லை.

கொடுத்தது காசு அல்ல, கூரை

1896ல் மத்திய மாகாணத்தில் கொடிய பஞ்சம். பழைய ரொட்டித் துண்டும் மணல் குழியும் மறக்கவில்லை போலும், ரமாபாய் தாமே புறப்பட்டுப் போனார். கையில் பெரிய பணம் கிடையாது. அமெரிக்கச் சங்கத்தின் வாக்கு 1898ல் முடியப்போகிறது. அந்தப் பணமும் உயர்சாதி விதவைகளின் பள்ளிக்கென்று வந்தது. பிரிஸ்டலில் அனாதைகளை விசுவாசத்தால் போஷித்த ஜார்ஜ் முல்லர் வாழ்க்கையை வாசித்திருந்தார். அந்த விசுவாசத்தோடே கிளம்பினார்.

அங்கே அரசாங்கத்தின் நிவாரண முகாம்களும் தர்ம விடுதிகளும் இருந்தன. சாப்பாடு போட்டார்கள்தான். ஆனால் போட்ட மாவில் மண் கலந்திருந்தது. ராத்திரியில் வயசுப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லை. மேற்பார்வை பார்க்க வைத்த ஆண்களே வேட்டையாடினார்கள். பெண்பிள்ளைகளை விலைக்கு வாங்கிப் போகிறவர்கள் ரோட்டில் சுற்றினார்கள். ஒரு கை சோறு போட்டுவிட்டு இவர்களை இங்கேயே விட்டுப்போனால் சோறு போட்டும் பிரயோஜனமில்லை என்று அவர் கண்டுகொண்டார். சுமார் 300 பேரை அழைத்துக்கொண்டு ரயிலேறினார். பூனாவில் பிளேக் பயத்தால் ஊருக்குள் வைக்க விடவில்லை. கேட்காவ்னில் முன்னமே வாங்கிப்போட்டிருந்த 100 ஏக்கர் நிலத்தில் கூடாரமும் குடிசையும் போட்டுத் தங்கவைத்தார். அதுதான் முக்தி சதன். முக்தி என்றால் நம்ம பாஷையில் இரட்சிப்பு, விடுதலை.

வந்த பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் தெரியுமா? நன்றியோடு கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. எலும்பும் தோலும், உடம்பெல்லாம் புண், தலையெல்லாம் பேன். குளிக்க மாட்டோம் என்று முரண்டு பிடித்தார்கள். எவ்வளவு போட்டாலும் பசி அடங்கவில்லை. திருடினார்கள், பொய் சொன்னார்கள், ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். இதையெல்லாம் ரமாபாய் மறைக்காமல் எழுதினார். காட்டிலும் இடிந்த கோவிலிலும் கிடந்தால் மனுஷர் என்ன ஆவார்கள் என்று அவருக்குத் தெரியும். வராந்தாவில் மூத்திர வாடை அடிக்கிறது என்றால், அவர்கள் போக நம்ம பின்பக்கக் கழிப்பறையை ராத்திரியில் பூட்டி வைக்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும் அல்லவா?

1900ல் குஜராத்தில் பஞ்சம் வந்தபோது மறுபடி ஆட்களை அனுப்பினார். முக்தியில் தொகை சுமார் 1,900 ஆயிற்று. தெருவில் கெட்டுப்போன பெண்களுக்கென்று கிருபா சதன் என்று தனி வீடு. புல்ஹாமில் பார்த்தது இங்கே முளைத்தது. பார்வையில்லாதவர்களுக்கு விரலால் தடவி வாசிக்கிற பிரெயில் எழுத்து.

யாரையும் சும்மா உட்கார வைக்கவும் இல்லை. காலையில் படிப்பு, பிறகு வேலை. தோட்டம், பால்பண்ணை, எண்ணெய்ச் செக்கு, சலவை, அச்சுக்கூடம், தறி. ஆம், தறி! நூல் சுற்றவும் பாவு ஓட்டவும் தெரிந்த நம்ம ஊர்ப் பெண்களுக்கு இது சந்தோஷமாயிருக்கும். பிச்சைக்காரருக்குக் காசு போடலாமா கூடாதா, குடித்துவிடுவார்களா என்று நாம் தர்க்கம் பண்ணுகிறோம். ரமாபாய் இந்தத் தர்க்கத்துக்குள்ளேயே போகவில்லை. வாசலிலே போகிறவனுக்கு ஐந்து ரூபாய் போட்டு அனுப்பிவிடுவது நமக்கு லேசு, அவன் பெயரைக் கேட்க வேண்டியதில்லை. ஏசாயா 58ல் கர்த்தர் உகந்த உபவாசம் எது என்று சொல்லும்போது, துரத்தப்பட்ட சிறுமையானவர்களை வீட்டுக்குள் சேர்த்துக்கொள்வதையும் சொல்கிறார். நாம் வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருக்கிற சபை.

பெந்தெகொஸ்தே

1905 தொடக்கத்தில், வேல்ஸ் தேசத்து எழுப்புதல் செய்தி கேட்டு, தினமும் கூடி ஜெபிக்க யார் வருவீர்கள் என்று ரமாபாய் கேட்டார். 70 பேர் வந்தார்கள். ஜூன் மாதத்தில் 550 பேர் நாளைக்கு இருவேளை கூடினார்கள். 29ந்தேதி விடியற்காலை நடந்ததை முதலிலேயே சொன்னேன். மறுநாள் 30ந்தேதி அம்மையார் யோவான் 8லிருந்து போதித்துக்கொண்டிருக்கையில், அங்கிருந்தவர்கள் எல்லாரும் ஒருமிக்கச் சத்தமிட்டு அழுது ஜெபிக்கத் தொடங்கினார்கள். அவர் போதிப்பதை நிறுத்திவிட வேண்டியதாயிற்று. பாவங்களை அறிக்கையிட்டார்கள், திருடினதைச் சொன்னார்கள். அமெரிக்காவில் அசூசா தெரு எழுப்புதல் தொடங்கினது இதற்கு அடுத்த ஆண்டு, 1906ல் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அங்கே ஊழியம் செய்த மின்னி ஆப்ராம்ஸ் என்கிற மிஷனெரி அம்மாள் இதைச் சிறு புஸ்தகமாக எழுதினார். அது தென் அமெரிக்காவில் சிலி தேசத்திலிருந்த தோழியின் கையில் கிடைத்தது. அவருடைய கணவர் வில்லிஸ் ஹூவர் வால்பரைசோ பட்டணத்தில் மெதடிஸ்ட் போதகர். 1909ல் அங்கே எழுப்புதல் பற்றினது. இன்றைக்கு சிலியில் உள்ள திரளான பெந்தெகொஸ்தே சபைகளுக்கு அதுதான் ஆரம்பம். கஞ்சித்தொட்டி வாசலில் கிடந்த பிள்ளைகளின் ஜெபம் சமுத்திரம் தாண்டிப் போயிற்று!

ரமாபாய் கடைசி வருஷங்களில் எபிரெயு, கிரேக்கு மூல பாஷைகளிலிருந்து வேதாகமத்தை எளிய மராத்தியில் மொழிபெயர்த்தார். படிக்காத கிராமத்துப் பெண்ணுக்கும் விளங்க வேண்டும் என்று. முக்தியின் பெண்களே அச்சுக் கோர்த்தார்கள், அச்சடித்தார்கள். அம்மையாருக்குக் காது மந்தமாகிவிட்டிருந்தது. தாயின் வேலையைத் தாங்கவேண்டிய மனோரமா 1921 ஜூலையில் 40 வயதில் இறந்துபோனார். அந்தத் துக்கத்தோடும் கடைசி புரூப் திருத்தி முடித்தார். 1922 ஏப்ரல் 5ந்தேதி தூக்கத்திலேயே கர்த்தரிடத்தில் சேர்ந்தார். முக்தி மிஷன் இன்றும் கேட்காவ்னில் ஆதரவற்ற பெண்களையும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

சபையாருக்கு அறிவிப்பு: கேட் பூட்டும் விஷயத்தைத் தீர்மானிக்க வருகிற மாதம் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து சபைக் கூட்டம் வைத்திருக்கிறோம். பூட்டக்கூடாது என்பது என் கருத்து. பின்பக்கக் கழிப்பறையைத் திறந்து வைக்கவும், தாய்க்கும் மகளுக்கும் ஞாயிறு பள்ளி அறையை இரவில் ஒதுக்கவும், ஆதார் எடுத்துக்கொடுக்க இரண்டு வாலிபர்களை ஏற்படுத்தவும் கேட்கப்போகிறேன். மாற்றுக்கருத்து உள்ளவர்கள் தவறாமல் வந்து சொல்லவும். விடியற்கால ஜெபத்துக்கு வருகிற சகோதரிகள் தங்கள் பயத்தையும் நேரில் சொல்லவும். கூட்டத்துக்கு முந்தின வெள்ளி உபவாச ஜெபத்தில் இதற்காக விசேஷமாய் ஜெபிப்போம்.